கடைசிப் பக்கத்து ஆல்ட்ரேஷன் கடை

ஜூன் முதல் வாரத்தில் சென்னீர்குப்பத்து டெய்லர் கடைக்குள் நுழைவதும், தீபாவளிக்கு முந்தின ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ்ஸில் இடம் பிடிப்பதும் ஒரே வித்தைதான். ஆவடி சாலையில் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த லாரியின் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி, "ஒரு இஞ்ச் இறக்கணும்ணா!" என்று மகளின் யூனிஃபார்ம் பாவாடையை நீட்டினேன். "உக்காருங்க மேடம், உங்களுக்கு முன்னாடி நாலு உருப்படி இருக்கு" என்றார் டெய்லர் அண்ணன். உட்கார்ந்தேன். பையில் ஜெராக்ஸ் கட்டு இருந்தது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016 திருத்தத்தோடு. மெஷின் கடகடக்க, காலடியில் நூல்துண்டுகள் பறக்க, அதைப் படிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சட்டப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. முதல் பக்கங்களில் சட்டம் வெள்ளை வேட்டி கட்டி மேடையில் நிற்கும். முகவுரை பேசும், மாலை வாங்கிக்கொள்ளும். கடைசிப் பக்கத்துக்குப் போனால் அதே ஆள் பனியனோடு உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார். "இன்ன ஆண்டுச் சட்டம், இன்ன பிரிவு, அதில் இந்தச் சொல்லை எடு, அந்தச் சொல்லை வை." அவ்வளவுதான் வசனம். பேச்சில்லை, கைதட்டல் இல்லை. ஆனால் ஒரு புதுச் சட்டம் ஏற்கெனவே இருக்கும் சட்டங்களின் தையலைப் பிரித்து, வெட்டி, மறுபடி தைப்பது அங்கேதான். சுத்தமான ஆல்ட்ரேஷன் கடை!

வாருங்கள், 1986 சட்டத்தின் அந்தக் கடைக்குள் எட்டிப் பார்ப்போம். 22-ஆம் பிரிவு, 1938-ஆம் ஆண்டின் குழந்தைகள் வேலைவாய்ப்புச் சட்டத்தை மொத்தமாகத் தூக்கி மூலையில் போடுகிறது. 23-ஆம் பிரிவின் கை 1948-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் போகிறது. 24, தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951. அதாவது வால்பாறையும் நீலகிரியும். 25, வணிகக் கப்பல் சட்டம், 1958. 26, மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961. அதாவது வெளியே ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும் அந்த லாரி. தேயிலைத் தோட்டம், கப்பல், லாரி எல்லாம் ஒரே மேசையில், ஒரே கத்தரிக்கோலுக்கு அடியில்.

இனிதான் வேடிக்கை. தோட்டத்துக்கும் கப்பலுக்கும் லாரிக்கும் என்ன ஆல்ட்ரேஷன் தெரியுமா? 'பதினைந்து' என்று இருந்த இடத்தில் 'பதினான்கு' வைத்தார்கள். கூட்டவில்லை ஐயா, குறைத்தார்கள்! குழந்தையைக் காக்க வந்த சட்டம், மூன்று பழைய சட்டங்களில் குழந்தைப் பருவத்திலிருந்து ஒரு வருடத்தை நறுக்கிவிட்டது. நான் இரண்டு முறை படித்தேன், ஜெராக்ஸில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து. கோளாறில்லை. 'குழந்தை' என்ற சொல்லுக்குச் சட்டத்துக்குச் சட்டம் ஒரு வயது இருந்தது. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவதும் அந்தச் சட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கங்களில் ஒன்று. அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு பதினான்கு என்கிறது. ஆகவே அதுவே அளவு. ஒரே சைஸில் எல்லாருக்கும் சட்டை எடுத்தால், உயரமான பையனுக்குக் கை ஏறிப்போகுமே, அந்தக் கதை. அந்த ஒரு வருடத்தை அன்று யாராவது மேடையில் ஏறி அறிவித்திருந்தால் ஊர் கேள்வி கேட்டிருக்கும். கடைசிப் பக்கத்தில் நடந்ததால் சத்தமில்லை. என்னைக் கேட்டால் அது தப்பான வெட்டு. அளவை ஒன்றாக்குவதுதான் வேண்டும் என்றால் பதினைந்தில் ஒன்றாக்கியிருக்கலாம்.

(குறைந்தபட்சக் கூலி, தோட்டம், மோட்டார் போக்குவரத்துச் சட்டங்களை 2019, 2020-இல் நிறைவேறிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் கரைத்துவிட்டார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் மட்டும் கரையாமல் தனியே நிற்கிறது.)

எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. கொண்டுவந்தவர் நரைத்த மீசைக்காரர். ஒரு காலத்தில் இந்தக் கண்ணாடி கிளாஸ் கூண்டைத் தூக்கி வந்தது யார் என்று நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். 'டீக்கடைப் பையன்' என்ற சொல்லிலேயே வயது இருக்கிறதே! 1986 சட்டம் எல்லா வேலையையும் தடுக்கவில்லை. பட்டியலில் உள்ள வேலைகளை மட்டும்தான் தடுத்தது. டீக்கடை, ஹோட்டல், வீட்டு வேலை ஆகியவை அந்த மத்தியச் சட்டத்தின் பட்டியலில் ஏறியது 2006 அக்டோபர் 10 அன்றுதான். நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும். பட்டியலில் இரண்டு வரி சேர்ந்தது. பித்தான் டப்பாவில் இரண்டு பித்தான் போடுவதுபோல.

பட்டியலை நம்பி வாழ்ந்த காலத்தில் நீதிமன்றமும் ஊசி எடுத்தது உண்டு. சிவகாசிப் பட்டாசுத் தொழிலை வைத்து எம்.சி. மேத்தா தமிழ்நாடு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. நிதி ஒன்று அமைக்கச் சொன்னது. அந்த யோசனை சட்டத்துக்குள் தைக்கப்பட இருபது வருடம் பிடித்தது. 2016 திருத்தத்தில்தான் மறுவாழ்வு நிதி என்று தனிப் பிரிவு வந்தது. மீட்கப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரசு 15,000 ரூபாய் போடவேண்டும், வசூலாகும் அபராதமும் அதிலேயே சேரும்.

2016-க்கு வந்துவிட்டோம். எனக்குப் பிடித்த ஊர் இது.

அந்த வருடம் செப்டம்பர் 1 முதல் சட்டம் தலைகீழானது. பதினான்கு நிறையாதவர்களுக்கு எந்த வேலையும் கூடாது. பட்டியல் கிட்டியல் ஒன்றும் கிடையாது. பழைய பட்டியலைக் களைந்துவிட்டு, பதினான்கிலிருந்து பதினெட்டு வரையிலான பிள்ளைகளை எந்த ஆபத்தான வேலையில் விடக்கூடாது என்பதற்கு வேறு பட்டியல் போட்டார்கள்: சுரங்கம், வெடிபொருள், அபாயகரமான தொழில்முறைகள். சட்டம் தன் பெயர்ப்பலகையையே மாற்றிக்கொண்டது. 'குழந்தை' மட்டும் இருந்த இடத்தில் 'வளரிளம் பருவத்தினர்' வந்து சேர்ந்தார்கள். தண்டனை ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை, அபராதம் 20,000-இலிருந்து 50,000 வரை. இதெல்லாம் செய்தித்தாளில் வந்ததுதான்.

வராதது ஒன்று இருக்கிறது. டெய்லர் அண்ணன் என் மகளின் பாவாடையைப் புரட்டிப் போட்டு, "உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டுத்தான் தச்சிருக்காங்க, இறக்கிடலாம்" என்று சொன்ன அதே நொடியில் அது என் கண்ணில் பட்டது. சத்தியமாக, மெய்சிலிர்த்தது!

புது வரையறை இப்படி: குழந்தை என்றால் பதினான்கு வயது நிறையாதவர், அல்லது 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் சொல்லப்பட்ட வயது நிறையாதவர், இரண்டில் எது அதிகமோ அது.

எது அதிகமோ அது! வளர்ற புள்ளைக்கு உள்ளே துணி விட்டுத் தைத்திருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் வயது ஆறிலிருந்து பதினான்கு. நாளைக்கு நாடாளுமன்றம் அந்தக் கல்விச் சட்டத்தில் பதினான்கைப் பதினெட்டாக்கினால், தொழிலாளர் சட்டத்தை யாரும் தொடவே வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழே வேலை வாங்குவது அன்றைக்கே தடையாகிவிடும். பள்ளிக்கூட மணி அடித்தால் பட்டறைக் கதவு சாத்திக்கொள்ளும். இடையில் கயிறு கட்டியாகிவிட்டது. இதை எழுதியவர் யாரோ, அவர் வீட்டில் கண்டிப்பாக ஒரு வளர்ற புள்ள இருந்திருக்கும்.

இந்தக் கயிறு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கையில் கட்டாயக் கல்வி வயது 2016-இல் பதினாறாக உயர்ந்தது. வேலைக்குச் சேரும் வயதோ பதினான்கிலேயே நின்றது. பள்ளிக்குப் போயே தீரவேண்டிய பதினைந்து வயதுப் பிள்ளையை, சட்டப்படியே வேலைக்கும் எடுக்கலாம் என்ற விசித்திரம். பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகள் வேலைவாய்ப்புச் சட்டத்தைத் திருத்தி அதையும் பதினாறாக்கியது 2021-இல். நடுவில் ஐந்து வருடம்.

மணி ஏழேகால். டெய்லரின் மகன், ஏழாவது படிக்கிறானாம், பித்தான் தைக்க உட்கார்ந்தான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். 2017 ஜூனில் வந்த விதிகளின்படி குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம், தடையில்லை. ஆனால் பள்ளி நேரத்தில் கூடாது. இரவு ஏழிலிருந்து காலை எட்டு வரை கூடாது. மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. "பதினஞ்சு நிமிஷம் லேட்டுடா தம்பி, சட்டப்படி நீ இப்போ வீட்டுப்பாடம் எழுதணும்" என்றேன். பையன் ஊசியைப் போட்டுவிட்டு ஓடிய வேகத்தைப் பார்க்கவேண்டுமே. இந்தியாவில் ஒரு தொழிலாளர் விதி இவ்வளவு சீக்கிரம் அமலாகி நான் பார்த்ததில்லை.

"அப்பன் கடையில புள்ள உதவுனா தப்பாம்மா?" என்று மூலையிலிருந்து குரல். டெய்லரின் அம்மா, காஜா எடுத்துக்கொண்டிருந்தார். தப்பில்லை என்று சொல்லி, 'குடும்பம்' என்றால் யார் யார் என்று சட்டத்திலேயே போட்டிருப்பதைப் படித்துக் காட்டினேன். அம்மா, அப்பா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அப்பாவுடன் பிறந்தவர்கள், அம்மாவுடன் பிறந்தவர்கள். அத்தை உண்டு, சித்தப்பா உண்டு, தாய்மாமன் உண்டு, சித்தி உண்டு.

"அப்போ நான்?"

திரும்பவும் படித்தேன். பாட்டியைக் காணோம். தாத்தாவும் இல்லை. மாமன் கடையில் பேரன் பொட்டலம் மடிக்கலாம். பாட்டி தனியாக நடத்தும் இட்லிக் கடையில் இலை எடுத்துக் கொடுத்தால் அந்த வரையறைக்குள் வராது. "பெத்தவனப் பெத்தவ குடும்பத்துல இல்லியா? யாருடி இத எழுதுனது?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, கடையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் இன்னொன்றும் சொல்லவேண்டியிருந்தது. இந்தக் குடும்ப விதிவிலக்கைக் குழந்தை உரிமைக்காரர்கள் பலர் எதிர்த்தார்கள். பீடி சுற்றுவதும் வளையல் ஒட்டுவதும் வீட்டுக்குள்தானே நடக்கிறது. கான்ட்ராக்டர் கொடுக்கும் வேலையைக் 'குடும்பத் தொழில்' என்று சொல்லித் தப்பிக்க வழி இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். பாட்டியை விட்டுவிட்ட சட்டம், அந்த ஓட்டையை அடைத்திருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

சட்டம் இன்னொரு கூட்டத்துக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, அது நமக்குப் பக்கத்து வீடு. பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி, இந்த வட்டாரத்தில் ஷூட்டிங் வேன் போகாத சாலை ஏது? சினிமா, சீரியல், விளம்பரம், விளையாட்டு ஆகியவற்றில் குழந்தைக் கலைஞர் நடிக்கலாம். சர்க்கஸுக்கு மட்டும் இல்லை. ஆனால் 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னால் தயாரிப்பாளர் முடிக்கவேண்டிய வேலையைப் பாருங்கள். படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் அனுமதி. விதியை நேராகப் படித்தால், சென்னீர்குப்பத்தில் கேமரா வைத்தால் திருவள்ளூர்; மாங்காட்டுக்கு நகர்ந்தால் காஞ்சிபுரம்; சாலிகிராமத்துக்குப் போனால் சென்னை. ஒரே பாட்டுக்கு மூன்று ஆட்சியர்! ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம், தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் நேராக வைப்புநிதியாகப் போகவேண்டும். பதினெட்டு வயதில் அது அந்தப் பிள்ளையின் கைக்கு வரும். எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் நடிக்கவைக்கக் கூடாது. 'மாட்டேன்' என்று ஒரு வாண்டு தரையில் உருண்டால், அது அடம் அல்ல, விதி.

சரி, வேறு கடைகளின் கடைசிப் பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். 2006-இன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1929-இன் சாரதா சட்டத்தை அனுப்பிவைத்தது எல்லாருக்கும் தெரியும். அதன் 20-ஆம் பிரிவு 1955-இன் இந்துத் திருமணச் சட்டத்துக்குள் நுழைந்து செய்த வேலை தெரியுமா? வயது வராதவர்களின் திருமணத்துக்கு அதுவரை பதினைந்து நாள் வெறுங்காவல் அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம். பந்தல்காரருக்குக் கொடுக்கும் முன்பணம்கூட அதைவிட அதிகம்! அதைப் பிரித்தெடுத்துவிட்டு, இரண்டு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்று தைத்தார்கள்.

சில சமயம் பாக்கெட் தைக்க மறந்துபோவதும் உண்டு. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில், வயது வராத பிள்ளை வண்டி ஓட்டினால் பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று 199-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பிள்ளையின் தண்டனையை இளைஞர் நீதிச் சட்டப்படி மாற்றலாம் என்றும் போட்டார்கள். எந்த இளைஞர் நீதிச் சட்டம்? 2000-ஆம் ஆண்டினுடையது. அது 2016 ஜனவரியிலேயே விடைபெற்று, 2015-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. வீடு மாறிப்போனவருக்குப் பழைய முகவரியில் கடிதம்! நல்லவேளை, 1897-இன் பொது வாசகச் சட்டம் என்ற ஒரு பழைய தபால்காரர் இருக்கிறார். நீக்கப்பட்ட சட்டத்தின் பெயர் எங்காவது இருந்தால், அதற்குப் பதிலாக வந்த சட்டம் என்று படித்துக்கொள் என்பார் அவர்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது என் குறும்பு அடங்கிவிடும். 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், பதினெட்டுக்குக் கீழே எல்லாரும் குழந்தை என்றது. இந்திய தண்டனைச் சட்டத்தில் அப்போது சம்மத வயது பதினாறு. இரண்டும் பொருந்தாமல் நின்றது மூன்று மாதத்துக்கும் குறைவு. 2013 பிப்ரவரி 3 முதல் அங்கும் பதினெட்டு. மணமான சிறுமிக்கு மட்டும் பதினைந்து என்ற விதிவிலக்கு ஒளிந்துகொண்டிருந்தது. அதை 2017 அக்டோபர் 11 அன்று, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மதன் லோக்கூரும் தீபக் குப்தாவும் பதினெட்டாக்கிப் படித்தார்கள். சர்வதேசப் பெண் குழந்தைகள் தினம் அன்று. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் பதினெட்டே இருக்கிறது.

போக்சோவின் 24-ஆம் பிரிவில் ஒரு சின்ன வரி. குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கப் போகும் போலீஸ் அதிகாரி யூனிஃபார்மில் இருக்கக் கூடாது. எத்தனையோ வருடமாகப் பிள்ளைகள் காக்கியைப் பார்த்துப் பேசமுடியாமல் தவித்த இடத்தில், சட்டமே காக்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வா என்றது. யூனிஃபார்ம்கள் குவிந்து கிடந்த அந்தக் கடையில் அந்த வரியை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டு டெய்லர்களும் திணறியிருக்கிறார்கள். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை அப்படியே தன் சட்டமாக்க ஸ்காட்லாந்து 2021-இல் ஒரு மசோதா நிறைவேற்றியது. பிரிட்டன் நாடாளுமன்றத்துச் சட்டங்களிலும் கைவைக்கிறாய் என்று லண்டனில் உள்ள உச்ச நீதிமன்றம் அதே வருடம் நிறுத்திவிட்டது. உன் துணியை மட்டும் வெட்டு, பக்கத்து வீட்டுத் துணியைத் தொடாதே! அளவைச் சுருக்கி மறுபடி தைத்து, 2024 ஜூலை 16-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. 1992 டிசம்பரிலேயே அந்த உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டோம். வெட்டவேண்டிய துணி பெரும்பாலும் நம் நாடாளுமன்றத்தின் கையில்தான் இருக்கிறது.

"மேடம், ரெடி." பாவாடையை உதறிக் காட்டினார் அண்ணன். ஒரு இஞ்ச் இறக்கியிருந்தது. இன்னும் ஒரு இஞ்ச் உள்ளே மடிந்திருந்தது. "அடுத்த வருஷமும் இதையே கொண்டாங்க, பிரிச்சு விட்டுடலாம்" என்றார். முப்பது ரூபாய்.

2016-இல் சட்டத்துக்குள் விட்ட அந்தத் துணியை இதுவரை யாரும் பிரித்துவிடவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தில் வயது இன்றைக்கும் பதினான்குதான்.